இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது, பிறகு எதற்கு டிடாப்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இரண்டாவது குழந்தை, இப்போது 29 வாரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்காம் மாதம் ஒன்று, ஐந்தாம் மாதம் ஒன்று என டி.டி. ஊசி இரண்டும் போட்டாகிவிட்டது. தனியாரில் காட்டியபோது டாக்டர் சீட்டில் டிடாப் என்று, கக்குவான் இருமலையும் சேர்த்துத் தடுக்கும் ஊசியை எழுதிக் கொடுத்திருக்கிறார். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால், "ரெண்டு ஊசியும் போட்டாச்சேம்மா, இனி ஒண்ணும் இல்லை" என்கிறார். நான்கு வருடம் முன்பு முதல் கர்ப்பத்தில் டிடாப் போட்டது இன்னும் உடம்பில் இருக்காதா என்பது துணைக் கேள்வி. இவற்றுக்கெல்லாம் அடியில் நீங்கள் உண்மையில் கேட்பது, மூன்றாவதாக ஒரு ஊசி போட்டால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா என்பதுதான்.

முதலில் பதில். போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்வது நல்லது, அதற்கான வாரங்களில்தான் இப்போது இருக்கிறீர்கள். செவிலியர் சொன்னதும் தப்பில்லை. அவர் சொல்வது அரசு தடுப்பூசித் திட்டத்தின் கணக்கு. அதில் கர்ப்பிணிக்கு உள்ளது டி.டி. மட்டுமே, அது உங்களுக்கு முடிந்துவிட்டது. டாக்டர் எழுதியது மகப்பேறு மருத்துவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பான ஃபாக்சியும், இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் சொல்லும் பரிந்துரை: ஒவ்வொரு கர்ப்பத்திலும் 27 முதல் 36 வாரத்துக்குள் ஒரு டோஸ் டிடாப். ஒருவர் இலவசத் திட்டத்தில் இருப்பதைச் சொல்கிறார், மற்றவர் அதில் இல்லாததைச் சொல்கிறார்.

குழப்பத்தில் பாதி, பெயரால் வருவது. முன்பு கர்ப்பிணிகளுக்குப் போட்டது ரணஜன்னிக்கு மட்டுமான ஊசி. ஆங்கிலத்தில் TT, இரண்டும் பெரிய எழுத்து, நாம் டி.டி. என்றோம். 2019 வாக்கில் அதன் இடத்துக்கு வந்தது ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் தடுக்கும் ஊசி. ஆங்கிலத்தில் Td, முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சிறியது. தமிழில் எழுதினால் அதுவும் டி.டி.தான். மருந்து மாறியது ஊரில் பலருக்குத் தெரியாமலே போனதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது மூன்றாவதாக டிடாப் (Tdap). இதில் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டோடு கக்குவான் இருமலும் சேர்கிறது. குழந்தைக்குப் போடும் முத்தடுப்பு ஊசியின் பெரியவர்களுக்கான வடிவம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று நோயும் அதேதான், அளவுதான் குறைவு. ஆக, நீங்கள் போட்ட இரண்டு டி.டி.யிலும் கக்குவானுக்கு எதிராக ஒரு துளியும் கிடையாது. அந்த ஊசிகளின் வேலை வேறு. பிரசவத்தின்போதும் தொப்புள்கொடி வழியாகவும் வரும் ரணஜன்னியிலிருந்து தாயையும் பிள்ளையையும் காப்பது. அந்த வேலையை அவை நன்றாகவே செய்தன. பச்சிளங்குழந்தை ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை அடைந்துவிட்டதாக 2015-ல் உறுதி செய்யப்பட்டது.

இனி நோயைப் பற்றி. கக்குவான் என்றால் பலர் மனதில் வருவது, நான்கைந்து வயதுப் பிள்ளை தொடர்ந்து இருமி, முகம் சிவந்து, கடைசியில் 'ஊப்' என்று மூச்சை இழுத்து வாந்தி எடுக்கும் காட்சி. பெயரிலேயே அந்தக் கக்கல் இருக்கிறது. இலங்கைத் தமிழில் இதைக் குக்கல் என்பார்கள். ஆனால் ஒரு மாதக் குழந்தையிடம் இந்தக் காட்சியை எதிர்பார்த்தால் நோயைத் தவறவிடுவீர்கள். அந்த வயதில் இழுத்து மூச்சு வாங்கும் பலம் நெஞ்சுக்கு இல்லை, அதனால் ஊப் சத்தம் பெரும்பாலும் வராது. லேசான மூக்கொழுகல், ஓரிரு தும்மல், காய்ச்சல் இருக்காது, பால் குடிப்பது சற்றுக் குறையும். பிறகு ஒரு நாள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே முகம் சிவந்து, உதடு நீலம் பாரித்து, சில நொடி மூச்சே நின்றுபோகும். சில குழந்தைகளுக்கு இருமலே இருக்காது, மூச்சு நிற்பதுதான் முதல் அறிகுறி. உள்ளே நடப்பது இதைவிடக் கொடியது. போர்டடெல்லா பெர்டுசிஸ் என்ற அந்தக் கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு வெள்ளை அணுக்களை ரத்தத்திலேயே தேங்க வைக்கிறது. மோசமான நிலையில் எண்ணிக்கை ஒரு லட்சத்தையும் தாண்டும். நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதில் அடைபட்டு, இதயத்தின் வலப்பக்கம் தள்ள முடியாமல் திணறும். அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லுமே தவிர, ஏற்கெனவே சுரந்த நச்சைத் திரும்ப எடுக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் வைத்தும் கைவிட்டுப் போகும் குழந்தைகள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு உட்பட்டவர்கள்.

அந்த மூன்று மாதத்தில்தான் நம் தடுப்பூசி அட்டவணையில் ஓட்டை இருக்கிறது. குழந்தைக்குக் கக்குவானுக்கு எதிரான முதல் மருந்து ஆறாவது வாரத்தில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில்தான் வருகிறது. அடுத்தவை 10-ஆம் வாரமும் 14-ஆம் வாரமும். முதல் டோஸ் ஓரளவுக்குத் தாங்கும். நம்பத்தகுந்த பாதுகாப்பு இரண்டாவது, மூன்றாவது டோஸுக்குப் பிறகே. பிறந்த நாளிலிருந்து ஆறு வாரம் குழந்தைக்குச் சொந்தமாக எதுவும் இல்லை. ஊசியை இன்னும் முன்னதாகவே போடலாமே என்றால், பச்சிளம் உடம்பு அதற்கு ஒழுங்காக எதிர்வினை காட்டுவதில்லை. ஆகவே மீதமிருக்கும் ஒரே வழி, அம்மாவின் உடம்பில் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கி, நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குக் கடத்துவது. இந்த ஊசியின் நோயாளி நீங்கள் இல்லை. குத்துவது உங்கள் கையில், பலன் பிள்ளைக்கு.

கணக்கு எளிது. ஊசி போட்டு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் உங்கள் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் உச்சத்தை எட்டும். நஞ்சுக்கொடி அதைச் சும்மா கசிய விடுவதில்லை. பிடித்து அந்தப் பக்கம் ஏற்றிவிடும் வேலையைச் செய்கிறது. இது நான்காம் மாதவாக்கிலேயே மெல்லத் தொடங்கினாலும், கடைசி மூன்று மாதத்தில்தான் வேகம் எடுக்கும். நிறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் அளவு தாயுடையதையும் மிஞ்சுவது உண்டு. பிறந்த பிறகு புதிதாக வரவு இல்லை, செலவு மட்டும்தான். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். பிறக்கும்போது 100 என்று வைத்தால் ஒன்றரை மாதத்தில் 50, மூன்று மாதத்தில் 25. அம்மா கொடுத்தது கரையக் கரைய, பென்டா ஊசி கொடுப்பது ஏற வேண்டும். அதனால்தான் ஆறாம் வார ஊசியை நாள் தள்ளாமல் போடச் சொல்கிறோம்.

பலன் உண்டா என்பதற்கு நல்ல சான்று இங்கிலாந்து. 2012-ல் அங்கே பெரிய பரவல் வந்து, அந்த ஒரு வருடத்தில் மட்டும் 14 கைக்குழந்தைகள் இறந்தன. அக்டோபரில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். முதல் வருடத் தரவைப் பார்த்தபோது, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் நோயைத் தடுப்பதில் 91 சதவீதம் பலன் தெரிந்தது. அமெரிக்காவில் இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நோயைத் தடுப்பதில் ஏறக்குறைய 78 சதவீதமும், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றுவதைத் தடுப்பதில் ஏறக்குறைய 90 சதவீதமும் வந்தது. நூற்றுக்கு நூறு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஊசி போட்ட தாயின் பிள்ளைக்கும் அபூர்வமாக வரலாம், வந்தாலும் பெரும்பாலும் முற்றாது. பின்னர் இங்கிலாந்தில் ஊசி போடும் கர்ப்பிணிகளின் விகிதம் 70 சதவீதத்துக்கு மேலிருந்து 60-க்கும் கீழே சரிந்தது. 2024-ல் நோய் திரும்ப வந்து, உறுதி செய்யப்பட்டவை மட்டும் கிட்டத்தட்ட 15,000. கைக்குழந்தை மரணங்கள் 11. கொரோனா காலத்தில் கிருமி அடங்கிக் கிடந்து பின்பு கிளம்பியதும் அதற்கு ஒரு காரணம் என்பதால், முழுப் பழியையும் ஊசி குறைந்ததன் மேல் போட்டுவிட முடியாது.

எந்த வாரம் என்பதில் நாடுகள் சற்று வேறுபடுகின்றன. இந்தியாவும் அமெரிக்காவும் 27 முதல் 36. இங்கிலாந்து 2016 முதல் 16-ஆம் வாரத்திலிருந்தே போடுகிறது, 32-க்குள் முடித்துவிடச் சொல்கிறது. இதற்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணமும் ஒரு ஆய்வுக் காரணமும் உண்டு. குறைமாதத்தில் பிறந்துவிட்டால் பிந்திப் போட்ட ஊசி வீணாகும். ஜெனீவாவில் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், நடு மூன்று மாதத்தில் ஊசி போட்ட தாய்மாரின் தொப்புள்கொடி ரத்தத்தில் கடைசி மூன்று மாதத்தில் போட்டவர்களைவிட அதிக எதிர்ப்புப் புரதம் இருந்தது. எது மிகச் சிறந்த வாரம் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. முடிந்த விஷயம் ஒன்று உண்டு: பிரசவத்துக்கு இரண்டு வாரமாவது முன்பு போட்டிருக்க வேண்டும். இரட்டைக் குழந்தை, முன்பு குறைப்பிரசவம், கருப்பைவாயின் நீளம் குறைந்திருப்பது போன்ற காரணம் இருந்தால் 27 பிறந்ததுமே போட்டுவிடுவது புத்திசாலித்தனம். அதற்கும் முன்பு வேண்டுமா என்று உங்கள் டாக்டர் முடிவு செய்வார். 36 தாண்டிவிட்டது என்றால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை, பலன் குறைவு, அவ்வளவுதான்.

மாதக் கணக்கில் சொன்னால், ஏழாம் மாதம் பிறந்ததிலிருந்து ஒன்பதாம் மாதம் பிறக்கும் வரை. அதாவது நம் வீடுகளில் வளைகாப்பு நடக்கும் காலம். இங்கேதான் ஊசி அடிக்கடி தவறிப் போகிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். ஊர் மாறுகிறது, மருத்துவமனை மாறுகிறது. புது இடத்தில் அட்டையைப் புரட்டினால் ஊசிக் கட்டத்தில் இரண்டு தேதியும் நிரம்பியிருக்கிறது. எல்லாம் முடிந்தது என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். பழைய டாக்டர் "அடுத்த தடவை வரும்போது போட்டுக்கலாம்" என்று சொன்ன டிடாப், அந்த அடுத்த தடவை வராமலே நின்றுபோகும். உங்களுக்கு ஊர் மாறும் திட்டம் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வாரக் கணக்குக்கு முதல் ஸ்கேனில் கொடுத்த தேதியை வையுங்கள், பாட்டியின் விரல் கணக்கு ஒரு மாதம் வரை முன்பின் ஆகும்.

முதல் கர்ப்பத்தில் போட்டது ஏன் போதாது? உங்கள் சொந்தப் பாதுகாப்பைக் கேட்டால், நான்கு வருடம் முன்பு போட்டது ஓரளவு இருக்கலாம். ஆனால் பிள்ளைக்குக் கடத்த வேண்டுமென்றால் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் நிறையக் கரைந்திருக்க வேண்டும், அந்த அளவு ஒரு வருடத்துக்குள்ளேயே வெகுவாக இறங்கிவிடுகிறது. கர்ப்பத்துக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் பார்த்தபோதே, பிரசவ நேரத்தில் பிள்ளையைக் காக்கும் அளவு மிஞ்சவில்லை. எனவே இரண்டு கர்ப்பங்களுக்கு இடையே ஒன்றரை வருடம்தான் என்றாலும் மறுபடியும் ஒரு டோஸ். சின்ன வயதில் கக்குவான் வந்து போனது என்று சொல்பவர்களுக்கும் இதேதான். அந்த நோய் ஆயுள் முழுக்கக் காவல் கொடுப்பதில்லை.

இனி, பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்ற பயம். டிடாப்பில் உயிருள்ள கிருமி கிடையாது. கக்குவான் கிருமியின் சில புரதங்களும், விஷம் முறித்த நச்சுப் பகுதிகளும்தான். அதனால் பிள்ளைக்கு நோயைத் தொற்ற வைக்க வழியே இல்லை. இங்கிலாந்தில் ஊசி போட்ட 20,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றிலேயே குழந்தை இறப்பது கூடவில்லை. டி.டி. போட்டுச் சில மாதத்திலேயே டிடாப் போடுவதைப் பற்றித் தனியாகவே பார்த்திருக்கிறார்கள்: ரணஜன்னி மருந்து கலந்த ஊசியை முந்தைய இரண்டு வருடத்துக்குள் போட்டவர்களையும், ஐந்து வருடத்துக்கு மேல் ஆனவர்களையும் ஒப்பிட்டதில் காய்ச்சல், ஒவ்வாமை, குறைப்பிரசவம், எடை குறைவு எதிலும் வித்தியாசம் இல்லை. உங்கள் இரண்டாவது டி.டி. ஐந்தாம் மாதம், இரண்டு மாதம் ஆகிவிட்டது, தாராளமான இடைவெளி. ரணஜன்னி மருந்து அடிக்கடி உள்ளே போனால் கை சற்றுக் கூடுதலாக வீங்கி வலிக்கலாம், அது உண்மை.

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, ஏனென்றால் தேடினால் உங்கள் கண்ணில் படும். அமெரிக்காவில் 2014-ல் வந்த ஒரு ஆய்வில், பனிக்குடச் சவ்வில் அழற்சி என்ற நோய்க்குறிப்பு ஊசி போட்டவர்களில் 6.1 சதவீதமும் போடாதவர்களில் 5.5 சதவீதமுமாக இருந்தது. சிறிய வித்தியாசம்தான், ஆனால் வித்தியாசம். அதே ஆய்வில் குறைப்பிரசவமோ, எடை குறைந்த குழந்தையோ கூடவில்லை. அழற்சி உண்மையிலேயே இருந்திருந்தால் அவை கூடியிருக்க வேண்டும். பிரசவ நேரக் காய்ச்சலை வைத்தே அந்தக் குறிப்பை எழுதிவிடுவதும் உண்டு. ஊசிதான் காரணம் என்று நிறுவப்படவில்லை, முற்றாகத் தள்ளிவிடவும் இல்லை. தராசின் மறுபக்கம் மூச்சு நின்றுபோகும் ஒரு மாதக் குழந்தை இருப்பதால், பரிந்துரை எந்த நாட்டிலும் மாறவில்லை.

ஊசி போடும் நாளுக்கு வருவோம். இந்தியாவில் டிடாப் என்றால் பெரும்பாலும் பூஸ்ட்ரிக்ஸ் அல்லது அடாசெல். இரண்டில் எது கிடைத்தாலும் போடலாம், முதல் கர்ப்பத்தில் போட்ட அதே கம்பெனிதான் வேண்டும் என்பதில்லை. ஒரே டோஸ், 0.5 மில்லி, மேற்கையின் தசையில். விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். அட்டைப்பெட்டியை நீங்களே கையில் வாங்கிப் பெயரையும் காலாவதித் தேதியையும் படியுங்கள். இது சந்தேகப் புத்தி இல்லை. குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியின் பெயரும் ஆங்கிலத்தில் (DTaP) இதே எழுத்துகள்தான், வரிசையும் பெரிய எழுத்து சின்ன எழுத்தும்தான் வித்தியாசம். இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜில், பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும். பெரியவர்களுக்கான பூஸ்ட்ரிக்ஸில் கக்குவான் நச்சுப் பகுதி 8 மைக்ரோகிராம். அதே கம்பெனியின் குழந்தை ஊசியில் 25. தவறிக் குழந்தை ஊசியைப் போட்டுவிட்டால் ஆபத்து என்று பதற வேண்டாம், கை அதிகம் வீங்கும். அந்த டோஸ் கணக்கில் சேரும், மறுபடி போட வேண்டியதில்லை. தவறி இன்னொரு டி.டி.யைப் போட்டுவிடுவதுதான் உண்மையான நஷ்டம், கக்குவானுக்கு எதுவும் கிடைத்திருக்காது.

மருந்தில் அலுமினிய உப்பு இருப்பதால் அசையாமல் வைத்தால் வெள்ளைப் படிவு கீழே தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். நன்றாகக் குலுக்கினால் ஒரே சீரான வெண்மைக் கலங்கல் ஆக வேண்டும். குலுக்காமல் போட்டால் சரியான அளவு போகாது. குலுக்கியும் திப்பி திப்பியாக நின்றால் அந்த மருந்து எங்கோ உறைந்து உருகியிருக்கலாம். அதை ஒதுக்கிவிட வேண்டும். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து இது. வெப்பத்தைவிட உறைவதுதான் இதற்கு எதிரி. அதனால் மருந்துக்கடையில் வாங்கிவரச் சொன்னால், ஐஸ் கட்டிமேல் நேரடியாகப் படும்படி பாலித்தீன் பையில் போட்டு எடுத்து வராதீர்கள். இடையில் துணியோ தடித்த காகிதமோ இருக்கட்டும். முடிந்தவரை ஊசி போடும் இடத்திலேயே ஃப்ரிட்ஜில் வைத்திருக்கும் மருந்து மேல்.

உட்கார்ந்து, கையைத் தளரவிட்டு, ரவிக்கையின் கையை முழுக்க மேலேற்றிக் கொடுங்கள். இறுக்கமான ரவிக்கையைப் பாதி ஏற்றினால், செவிலியர் கிடைத்த இடத்தில், அதாவது தோள் மூட்டுக்கு மிக அருகே போட வேண்டி வரும். மூட்டு மாதக்கணக்கில் வலிக்கும். தோள் எலும்பின் முனைக்கு இரண்டு மூன்று விரல் கீழே என்பது அளவு. ரத்தம் நீர்க்க ஆஸ்பிரினோ ஹெப்பாரின் ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மெல்லிய ஊசியில் போட்டு, தேய்க்காமல், இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்று 28-ஆம் வாரத்தில் போடும் ஆன்டி-டி ஊசியோ, ஃப்ளூ ஊசியோ அதே நாளில் வேறு இடத்தில் போடலாம். கர்ப்பகாலச் சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம், லேசான சளி எதுவும் தடையில்லை. போட்டதும் 15 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். இரண்டு மூன்று நாள் கை வலி, வீக்கம், சிலருக்கு உடம்பு வலி, லேசான காய்ச்சல் இருக்கும். பாரசிட்டமால் போதும். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு வேண்டாம், அவை பிள்ளையின் சிறுநீரகத்தையும் பனிக்குட நீரையும் பாதிக்கும்.

போடக் கூடாதவர்கள் மிகச் சிலர். முன்பு இதே வகை ஊசிக்கு மூச்சுத் திணறி மயங்கும் அளவு ஒவ்வாமை வந்தவர்கள், கக்குவான் மருந்து கலந்த ஊசி போட்ட ஏழு நாளுக்குள் வேறு காரணம் இல்லாமல் மூளை பாதித்து நினைவு தப்பியவர்கள். ரணஜன்னி ஊசிக்குப் பிறகு ஆறு வாரத்துக்குள் கை கால் தளரும் கில்லன்-பாரே நோய் வந்திருந்தாலோ, கை முழுக்க வீங்கிப் புண்ணான அனுபவம் இருந்தாலோ, யோசித்து முடிவெடுக்க வேண்டும். கடும் காய்ச்சலில் இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடலாம். உங்கள் பழைய சீட்டுகளை நான் பார்க்கவில்லை. இவற்றில் எதுவும் உங்களுக்கு நடந்திருந்தால் மேலே சொன்ன "போட்டுக்கொள்ளலாம்" உங்களுக்குப் பொருந்தாது, டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு.

சந்தேகமாக நிற்கும் இன்னொரு விஷயம், அம்மா கொடுத்த எதிர்ப்புப் புரதம் குழந்தையின் சொந்த ஊசியைச் சற்று மட்டுப்படுத்துவது. ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதல் மூன்று டோஸுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் அளவு சிறிது குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. இதனால் பின்னாளில் அந்தப் பிள்ளைகளுக்கு நோய் கூடுகிறதா என்றால், வருடக்கணக்கில் ஊசி போட்ட நாடுகளில் அப்படி ஓர் அலை எழவில்லை. ஆனால் நான் மேலே கொடுத்த பலன் கணக்கெல்லாம் குழந்தைகளுக்குக் கிருமியின் துண்டுகளை மட்டும் வைத்துச் செய்த ஊசி போடும் நாடுகளிலிருந்து வந்தவை. நம் அரசுத் திட்டத்தின் பென்டாவேலன்டில் இருப்பது முழுக் கிருமியைக் கொன்று செய்த மருந்து. அதோடு சேரும்போது இந்த மட்டுப்படுதல் எவ்வளவு என்பதற்குத் தரவு ஒப்பீட்டளவில் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது இது: கைக்குழந்தைகளைக் காக்கக் கூடுதல் வழிகளில் கர்ப்பிணிக்கு ஊசி போடுவதே சிறந்தது, ஆனால் குழந்தைகளின் வழக்கமான ஊசியை விட்டுவிட்டு இல்லை, அதற்கு மேலாக. என் தீர்ப்பு: ஆபத்து மிகுந்த முதல் மூன்று மாதத்துக்குக் கிடைக்கும் உறுதியான லாபம், பின்னால் வரக்கூடும் என்று கருதும் சின்ன நஷ்டத்தைவிட எடை கூடியது. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் முத்தடுப்பு பூஸ்டரைத் தவறவிடாமல் இருந்தால் அந்த நஷ்டமும் குறையும்.

பூஸ்டர் என்றதும் உங்கள் மூத்த பிள்ளையின் நினைவு வருகிறது. நான்கு வயது, பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கும். கைக்குழந்தைக்குக் கக்குவான் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது, பெரும்பாலும் தாயிடமிருந்தோ அண்ணன் அக்காவிடமிருந்தோ. அவனுடைய, அல்லது அவளுடைய அட்டையை எடுத்து ஒன்றரை வயது பூஸ்டர் போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஐந்து வயது முடிந்ததும் இரண்டாவது பூஸ்டர் உண்டு. பெரியவர்களுக்குக் கக்குவான் வந்தால் அது ஒரு விடாத வறட்டு இருமல், அவ்வளவுதான். "தூசி அலர்ஜி" என்று மூன்று வாரம் இருமிக்கொண்டே குழந்தையைக் கொஞ்சுவார்கள். குழந்தை பார்க்க வருபவர்களில் இருமுகிறவரை வாசலோடு அனுப்புவது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். பிள்ளை பெற்ற வீட்டில் முப்பது நாள் யாரையும் அண்டவிடாத பழைய பழக்கம் எந்த நம்பிக்கையில் வந்ததோ, இந்த நோய்க்கு அது நல்ல காவல். கூடவே இருக்கப்போகும் பாட்டிக்கும் அப்பாவுக்கும் டிடாப் போட வசதியிருந்தால் பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பு போடலாம். ஒரு ஊசிக்குத்தான் காசு என்றால் அது உங்களுக்கு. சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் போட்டுக் குழந்தையைக் காக்கும் முறை பல நாடுகளில் முயன்று பார்த்து, செலவுக்கேற்ற பலன் தராமல் போனது.

வீட்டில் யாருக்காவது கக்குவான் என்று உறுதியானால், குழந்தைக்கு இருமல் தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் அனைவருக்கும் அசித்ரோமைசின் கொடுப்பது வழக்கம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, ஐந்து நாள். பழைய எரித்ரோமைசின், பச்சிளங்குழந்தைகளுக்கு இரைப்பையின் வாயைத் தடித்து அடைக்கச் செய்யும் என்பதால் முதல் மாதத்தில் தவிர்க்கிறோம். டாக்டர் எழுதாமல் நீங்களாக எதையும் தொடங்க வேண்டாம். உதடு நீலமாவது, மூச்சு நடுநடுவே நிற்பது, இருமி முடித்ததும் துவண்டு விழுவது, இவற்றில் ஒன்று ஒரே ஒரு முறை நடந்தாலும் இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள். மருத்துவமனையை அடைவதற்குள் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும், பார்ப்பவர் "நல்லாத்தானே இருக்கு" என்பார். இருமல்களுக்கு நடுவே குழந்தை நன்றாக இருப்பதுதான் இந்த நோயின் சுபாவம். முடிந்தால் செல்போனில் அந்த நேரத்தை வீடியோ எடுத்துக் காட்டுங்கள், பத்து வாக்கியத்தைவிட உதவும்.

கர்ப்பத்தில் விட்டுப்போய், அதற்கு முன்பும் டிடாப் போடாதவர்கள், பிரசவமானதும் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுக்கத் தடையில்லை. அது உங்களுக்கு நோய் வந்து பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்குமே தவிர, நஞ்சுக்கொடி வழிப் பங்கு போனது போனதுதான். தாய்ப்பாலில் கொஞ்சம் வரும், அதற்கு ஈடாகாது. முதல் கர்ப்பத்தில் போட்டிருப்பதால் இந்தப் பிரசவத்துக்குப் பிந்தைய டோஸ் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் வாய்ப்பு இந்த ஏழு வாரம்தான். போட்டதும் பெட்டியில் இருக்கும் பெயரையும் பேட்ச் எண்ணையும் தேதியையும் தாய்-சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள், டி.டி. கட்டத்தில் இல்லாமல் தனியாக, 'கக்குவான் சேர்ந்தது' என்று தமிழிலேயே. கிராம சுகாதார செவிலியரிடமும் காட்டிவிடுங்கள்.